ஆனதோத்தில் வாங்கிய நிலம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே பாரத்தைச் சுமந்து வந்திருந்தன. அவற்றிலிருந்து நான்கை எடுத்துக்கொண்டு, எரேமியா தீர்க்கதரிசியின் வாழ்க்கையை நடுவில் வைத்துப் பதில் எழுதுகிறேன். நெருக்கத்தின் நாட்களில் தேவனுடைய வாக்கை நம்புவது எப்படி என்று கேட்பவர்களுக்கு, வேதத்தில் அவரைவிட நெருங்கிய துணை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: போதகர் ஐயா, டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், புத்தாண்டுக்கென ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற எரேமியா 29:11 வந்தது. வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். பிப்ரவரியில் என் கணவருக்கு வேலை போயிற்று. ஜூன் மாதம் மூத்த மகளுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று சொன்னார்கள். நகையெல்லாம் அடகில் இருக்கிறது. பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வசனம் கண்ணில் படுகிறது. வாசிக்கவும் முடியவில்லை, கிழித்துப்போடவும் மனம் வரவில்லை. சபையில் சிலர், “உங்களுக்கு விசுவாசம் போதாது” என்கிறார்கள். கர்த்தர் வாக்கு மாறினாரா, நான் தவறிவிட்டேனா? – ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, கிழித்துப்போட மனம் வரவில்லை என்று நீங்கள் எழுதிய வரியைத் தாண்டி என்னால் உடனே வாசிக்க முடியவில்லை. விசுவாசத்தை இழந்துவிட்ட ஒருவர் அந்த வரியை எழுதமாட்டார். ஆகவே உங்களுக்கு விசுவாசம் போதாது என்று சொன்னவர்களின் வார்த்தையை, ஏற்கெனவே சுமக்கிறவற்றோடு சேர்த்துச் சுமக்காதீர்கள். நோயுற்ற பிள்ளையின் தாயிடம் பேசக்கூடாத பேச்சு அது. யோபுவின் நண்பர்களும் துன்பத்துக்குக் காரணம் அவனிடத்தில்தான் இருக்கவேண்டும் என்று பேசினார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் யோபுவின்மேல் அல்ல, அந்த நண்பர்கள்மேல்தான் மூண்டது (யோபு 42:7).

இனி அந்த வசனத்துக்கு வருவோம். அட்டையில் ஒரு வசனம்தான் அச்சாகிறது. ஆனால் அது ஒரு நீண்ட கடிதத்தின் நடுவிலுள்ள வரி. கி.மு. 597இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, பதினெட்டு வயதுடைய ராஜாவாகிய எகொனியாவையும், அவன் தாயையும், பிரபுக்களையும், தச்சரையும், கொல்லரையும் சிறைபிடித்துக்கொண்டு போனான். ஊரையும் ஆலயத்தையும் விட்டுப் பிரிக்கப்பட்டு, பாஷை தெரியாத தேசத்தில் குடியேற்றப்பட்ட அந்த மக்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதமே 29ஆம் அதிகாரம். அதாவது, நீங்கள் எடுத்த வாக்குத்தத்தம் முதன்முதலில் போய்ச் சேர்ந்தது, எல்லாவற்றையும் இழந்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம்தான். துன்பம் வராது என்று அது அவர்களுக்குச் சொல்லவில்லை. துன்பம் அவர்களுக்கு முன்னமே வந்துவிட்டது.

அந்தக் கடிதம் என்ன சொல்லுகிறது? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், நீங்கள் சிறையிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது. அதற்குப் பிறகு, நம் அட்டைகளில் ஒருபோதும் அச்சாகாத பத்தாம் வசனம் வருகிறது: பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பின்புதான் கர்த்தர் அவர்களைத் திரும்பிவரப்பண்ணுவார். கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் சொந்த ஊரைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை என்பதே அதன் பொருள். இதற்கு அடுத்த வரியாகத்தான், “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்” என்கிற வாக்கு வருகிறது.

இங்கே தமிழில் வாசிக்கிற நாம் கவனிக்கத் தவறுகிற ஒன்று உண்டு. நம் பேச்சு வழக்கில் ‘உங்கள்’ என்பது மரியாதைச் சொல்லாகவும் இருப்பதால், அந்த வசனம் தனியாக எனக்கே சொல்லப்பட்டது என்று எண்ணிவிடுகிறோம். நம் வேதாகமத்திலோ, கர்த்தர் ஒரு தனி மனிதரிடம் பேசும்போது ‘நீ’, ‘உன்’ என்றுதான் வரும். எரேமியா 29இல் உள்ள ‘உங்கள்’ பன்மை, எபிரெயத்திலும் அப்படியே. தாத்தாவும் தகப்பனும் பேரனுமாக ஒரு முழு ஜனக்கூட்டத்துக்குச் சொன்ன வாக்கை, பன்னிரண்டு மாதமும் ஒரு வீடும் கொண்ட அளவுக்குள் மடித்து வைக்க நாம் பழகிவிட்டோம். மடிப்பு தாங்காமல் கிழிகிறபோது, கர்த்தர் வாக்கு மாறிவிட்டார் என்று நினைக்கிறோம்.

அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. எங்கள் சபையிலும் அது உண்டு. ஆண்டின் முதல் மணி நேரத்தில் ஒரு வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிற சந்தோஷத்தை யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளாக, அட்டையின் பின்புறத்தில் “அதிகாரம் முழுவதையும் வாசிக்கவும்” என்று அச்சிடுகிறோம்.

அப்படியானால் அந்த வாக்கு உங்களுக்கு உரியது இல்லையா? உரியதுதான். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ‘ஆம்’ என்றும் ‘ஆமென்’ என்றும் இருக்கின்றன என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 1:20). சிறையிருப்பின் நடுவிலும் தம் ஜனத்தின்மேல் தீமை நினைக்காதவர் உங்கள் வீட்டின்மேலும் தீமை நினைக்கவில்லை. உங்கள் மகளின் நோய் அவருடைய கோபத்தின் அடையாளம் அல்ல. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் இந்த ஆண்டுக்குள் இந்தக் கஷ்டம் தீரும் என்று அந்த வசனம் உங்களிடம் சொல்லவில்லை, ஆகையால் தீராததினால் அது பொய்யாகவும் இல்லை.

பாபிலோனுக்குப் போனவர்கள் அந்தக் கடிதத்தின்படி செய்தார்களா என்பதற்கு வேதத்துக்கு வெளியேயும் சான்று கிடைத்திருக்கிறது. ‘யூதாவின் பட்டணம்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட ஒரு குடியிருப்பு பாபிலோன் தேசத்து நாட்டுப்புறத்தில் இருந்தது. அங்கே எழுதப்பட்ட களிமண் பலகைகளில், யூதா மக்கள் நிலத்தைப் பயிரிட்டதும், வரி செலுத்தியதும், கடன் கொடுத்து வாங்கியதும் பதிவாகியிருக்கின்றன. கர்த்தருடைய எபிரெய நாமத்தின் ஒரு பகுதியைத் தங்கள் பெயரில் தாங்கியவர்கள், அந்நிய தேசத்து வாய்க்கால் ஓரத்தில் வாற்கோதுமை விளைவித்திருக்கிறார்கள். எகொனியா ராஜாவுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கும் பாபிலோனிலேயே கிடைத்திருக்கிறது. நம்பிக்கை என்பது அவர்களுக்கு நாள்தோறும் செய்கிற வேலையாக இருந்தது.

உங்களுக்கும் அத்தகைய வேலைகள் இருக்கின்றன, சகோதரி. மகளின் சிகிச்சையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். ஜெபிக்கிறோம், மருந்து எதற்கு என்று சொல்பவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லையென்றால் இந்த வாரமே உங்கள் கணவர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் விசாரிக்கட்டும். அடகுச் சீட்டுகளின் தேதிகளை ஒரு தாளில் எழுதி, நகை ஏலத்துக்குப் போகுமுன் உங்கள் போதகரிடமோ சபை மூப்பரிடமோ காட்டிப் பேசுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த அட்டை அங்கேயே இருக்கட்டும். அதன்கீழே பத்தாம் வசனத்தையும் உங்கள் கையால் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: ஓர் எழுப்புதல் கூட்டத்தில் ஊழியர் ஒருவர் என் பெயரைச் சொல்லி அழைத்து, 90 நாளில் வெளிநாட்டு வேலை கிடைக்கும் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். விதைக் காணிக்கை விதைக்கச் சொன்னதால் 50,000 ரூபாய் கடன் வாங்கிக் கொடுத்தேன். ஏழு மாதம் ஆகிறது. கேட்டால், “நீ சந்தேகப்பட்டாய், அதனால்தான் தடைபட்டது” என்கிறார்கள். இனி யாரை நம்புவது? – ஒரு சகோதரர், சென்னை.

பதில்: தம்பி, எரேமியா 28ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். கிபியோன் ஊரானாகிய அனனியா என்ற தீர்க்கதரிசி, ஆலயத்தில் ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு வருஷத்துக்குள் ஆலயப் பணிமுட்டுகளும் ராஜாவும் சிறைப்பட்டவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தருடைய நாமத்தில் சொன்னான். அந்த நாட்களில் எரேமியா, பாபிலோனுக்குப் பணிந்திருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு நுகத்தை வைத்துக்கொண்டு நடமாடினார். அனனியா அதைக் கழற்றி எல்லாருக்கும் முன்பாக உடைத்தான். கூட்டத்துக்கு யாருடைய பிரசங்கம் பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுபது வருஷம் என்பவரைவிட இரண்டு வருஷம் என்பவன் இனிமையானவன்.

எரேமியாவின் முதல் பதில் என் மனதை ஒவ்வொரு முறையும் தொடும். “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றார். அவருக்கும் அந்த நற்செய்தி உண்மையாயிருக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் சமாதானத்தைச் சொல்லுகிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் கர்த்தர் அவனை அனுப்பினார் என்று அறியப்படும் என்று கூடவே சொன்னார். ஆசைப்பட்டதற்காக நீங்கள் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வேலைக்காக ஏங்குகிற வாலிபனிடம் வேலை கிடைக்கும் என்று சொன்னால், அவன் ‘ஆமென்’ என்றுதான் சொல்வான்.

தேவன் சொல்லாத வார்த்தை நிறைவேறாமற்போனால், அதற்குக் கேட்டவனின் சந்தேகம் காரணமல்ல. உபாகமம் 18:22 அந்தப் பொறுப்பைச் சொன்னவன்மேல் வைக்கிறது. அவனுக்குப் பயப்படவேண்டாம் என்றும் சொல்லுகிறது. கடன் வாங்கித்தான் வாக்குத்தத்தத்தைப் பெறவேண்டும் என்று கர்த்தர் எவரிடமும் கேட்டதில்லை. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கேட்பது பாவமல்ல. இனி தனிப்பட்ட வாக்கு என்று யார் எதைச் சொன்னாலும், உங்களை நன்கு அறிந்த இரண்டு மூத்த விசுவாசிகளிடம் சொல்லாமல் அதன்பேரில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். வேலை தேடுவதையும் நிறுத்தாதீர்கள். உங்களை ஏமாற்றியது ஒரு மனிதனின் பேச்சு. அதன் பழியைக் கர்த்தர்மேல் வைத்து அவரைவிட்டு விலகிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் கணவரை நான்கு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் துதி வருவதில்லை; முறையிடத்தான் தோன்றுகிறது. இது அவிசுவாசமா? – ஒரு தாயார், நாகர்கோவில்.

பதில்: அம்மா, எரேமியா 32ஆம் அதிகாரத்தில், முற்றுகையின் நடுவில் கர்த்தர் சொன்னபடி ஒரு நிலத்தை வாங்கி முடித்த பிறகு எரேமியா ஜெபிக்கிறார். உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை என்று தொடங்குகிற அந்த ஜெபம், இதோ பட்டணத்தைப் பிடிக்க முற்றுகை மேடுகள் எழும்பியிருக்கின்றன, பட்டயமும் பஞ்சமும் கொள்ளைநோயும் சூழ்ந்திருக்கின்றன, அப்படியிருந்தும் நீர் இப்படிச் செய்யச் சொன்னீரே என்கிற திகைப்பில் போய் நிற்கிறது. துதியும் முறையீடும் ஒரே ஜெபத்தில் இருக்கின்றன. கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய வார்த்தையையே எடுத்து, என்னாலே செய்யக்கூடாத காரியம் ஒன்றுண்டோ என்று கேட்டு, நீண்ட பதில் கொடுத்தார்.

சங்கீதங்களில் “எதுவரைக்கும்” என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றை நாம் ஆலயத்தில் வாசிக்கிறோமே தவிர, நம் வீட்டுக் கட்டிலருகே அப்படி ஜெபிக்கத் துணிவதில்லை. துதி வராத நாளில் 13ஆம் சங்கீதத்தை உங்கள் சொந்த வார்த்தையாக வாசியுங்கள், ஆறு வசனங்கள்தான். முறையிடுகிறவர் இன்னும் அவரிடத்தில்தான் முறையிடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எரேமியாவைத் துரவுக்குள் இறக்கிச் சேற்றில் அமிழவிட்டபோது, எபெத்மெலேக்கு என்ற எத்தியோப்பியன் அவரைத் தூக்கிவிட வந்தான். வெறும் கயிற்றைப் போட்டு இழுக்கவில்லை. பழைய துணிகளையும் கந்தைகளையும் தேடி எடுத்துவந்து, கயிறு அறுக்காதபடி அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளும்படி சொல்லி, அதன்பிறகே தூக்கினான் (எரேமியா 38). நான்கு ஆண்டுகளாக இரவும் பகலும் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்துப் புண் வராமல் பார்த்துக்கொள்கிற உங்களுக்கு அந்தக் கந்தைத்துணியின் அருமை தெரியும். “நீ என்னை நம்பினபடியினால்” என்று கர்த்தர் அந்த மனிதனிடம் பின்னர் சொன்னார் (39:18). அவன் நம்பிக்கையைப்பற்றிப் பேசியதாக ஒரு வரியும் இல்லை. அவன் செய்தது அதுதான். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது உங்கள் கணவருக்கு அருகில் இருந்து உங்களை விடுவிக்கும்படி சபைச் சகோதரிகளிடம் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 72. ஊரையும் வேதத்தையும் விட்டுப் போன என் மகனுக்காக 31 ஆண்டுகளாக ஜெபிக்கிறேன். நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள் என்ற வாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவர் இப்போது எனக்கு அதிக நாள் கொடுக்கவில்லை. பார்க்காமலேயே போய்விடுவேனோ? – ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி.

பதில்: ஐயா, பார்ப்பீர்கள் என்று நான் எழுதிவிடலாம், அப்படி எழுத எனக்கு அதிகாரமில்லை. அப்போஸ்தலர் 16:31 பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலனுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை. அவன் வீட்டார் அந்த இரவிலேயே வசனத்தைக் கேட்டு விசுவாசித்தார்கள். அந்த வாசல் உங்கள் வீட்டாருக்கும் திறந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது. எந்த இரவில் உங்கள் மகன் உள்ளே வருவார் என்பதை அது சொல்லவில்லை. ஆகையால் உங்களிடம் ஆனதோத்தைப்பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். எருசலேமுக்கு வடகிழக்கே ஒரு மணி நேர நடைத் தூரம். எகொனியாவுக்குப் பின் அரசாண்ட சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷத்தில் கல்தேயரின், அதாவது பாபிலோனியரின், சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. அந்த நாட்களில் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்ததற்கு யூதாவின் கோட்டை நகராகிய லாகீஸில் 1935இல் கண்டெடுத்த ஓட்டுச்சில்லுகளில் ஒன்று சாட்சி: அசெக்காவை எங்களால் காண முடியவில்லை, லாகீஸின் அடையாள நெருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அதில் மையினால் எழுதியிருக்கிறது. எரேமியாவோ காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அப்போது அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள என் நிலத்தை வாங்கிக்கொள்ளும் என்றான். சத்துருவின் சேனை சூழ்ந்திருக்கிற நாட்டுப்புறத்தில் உள்ள நிலம் அது. விற்கிறவனுக்கு அது புத்தி, வாங்குகிறவனுக்குப் பைத்தியம்.

எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளி. இன்றைய நிறையில் ஏறத்தாழ 190 கிராம். தராசில் நிறுத்துக் கொடுத்தார். கிரயப்பத்திரம் எழுதி, சாட்சிகளைக் கையெழுத்திடச் செய்து, முத்திரையிட்டதையும் திறந்த பிரதியையும் தம் எழுத்தராகிய பாருக்கின் கையில் கொடுத்தார். நெடுநாள் கெடாமலிருக்கும்படி அவற்றை ஒரு மண்பாண்டத்தில் போட்டுவைக்கச் சொன்னார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு நாள் நின்றவர் எவரும் அந்த வசனங்களை வாசித்தால், எரேமியா ஒரு நடைமுறையையும் விடவில்லை என்பதைக் காணலாம். பத்திரம் செல்லுபடியாகும் ஒரு நாள் வரும் என்று நம்புகிறவனுக்குத்தான் சாட்சிக் கையெழுத்து தேவைப்படும்.

அந்த நிலத்தில் எரேமியா ஒரு நாளும் அறுவடை செய்ததாக வேதம் சொல்லவில்லை. எருசலேம் விழுந்தது, ஆலயம் எரிந்தது, மீதியான ஜனங்கள் அவருடைய சொல்லைக் கேளாமல் அவரையும் எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். தக்பானேஸ் என்னும் எகிப்தியப் பட்டணத்தில் அவர் பேசியதைக் கேட்கிறோம்; அவருடைய மரணத்தைப்பற்றி வேதம் ஒன்றும் எழுதவில்லை. அப்போது அவரும் உங்கள் வயதை நெருங்கியிருப்பார் என்று எண்ணுகிறேன்.

பின்பு கி.மு. 539இல் பாபிலோன் பெர்சிய ராஜாவாகிய கோரேஸின் கையில் விழுந்தது. அவன் யூதரைத் திரும்பிப் போக அனுமதித்தபோது, எரேமியாவின் வாயினாலே கர்த்தர் சொன்ன வார்த்தை நிறைவேறும்படியே அது நடந்தது என்று எஸ்றா தம் புத்தகத்தின் முதல் வசனத்திலேயே எழுதுகிறார். அடுத்த அதிகாரம் முழுவதும் பெயர்ப்பட்டியல்; பெரும்பாலும் நாம் தாண்டிப்போகிற அதிகாரம். இன்று இரவு அதை எடுத்து, 23ஆம் வசனம் வரை நிதானமாக வாசியுங்கள். ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று அங்கே எழுதியிருக்கிறது.

நீங்கள் 31 ஆண்டுகளாக ஏறெடுத்த ஜெபங்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், அதை உங்கள் மகனுக்கு என்று உறையிலிட்டு, நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள். எழுதியிராவிட்டால் இப்போது தொடங்குங்கள். நடுங்குகிற கையெழுத்தாக இருந்தாலும் போதும். அதில் கடிந்துகொள்ளுதல் ஒரு வரியும் வேண்டாம். மகனுடைய பெயரை எனக்கும் தனியாக எழுதி அனுப்புங்கள். உங்களுக்குப் பிறகும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்க இங்கே ஆள் இருப்போம்.